கள்ளப் பிரதியும் பூட்டுத் திறப்பும்

கும்பகோணத்துக் கடையில் பழைய பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவி வாங்குபவருக்கு, கள்ளப் பிரதியை ஓட்டுவதும் கருவியைத் திறந்து, எந்த வட்டு ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் பூட்டை மீறும் மாற்றுச் சில்லு பொருத்துவதும் ஒரே செயலாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

விற்பனையில் உள்ள விளையாட்டைக் காசு கொடுக்காமல் பிரதியெடுப்பது, அதை உருவாக்கியவர்களின் கூலியை மறுப்பதாகும். அறுவடைக் கூலியை நெல்லாகவே அளந்து வாங்கிய தஞ்சை வட்டாரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருவி மாற்றம் வேறு வகை. தாம் விலை கொடுத்து வாங்கிய வேற்று மண்டல வட்டை (வேறு நாடுகளுக்கென விற்கப்பட்டு, இங்குள்ள கருவியில் ஓடாததை) ஓட்டுவதற்காகப் பூட்டைத் திறப்பவர் எவருடைய வருவாயையும் பறிப்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கே 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ஆயினும், சில்லைப் பொருத்தும் கையே கள்ள விளையாட்டுகளையும் நிரப்பித் தரும்போது (பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது) அந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது.

2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையை மூடிய பின், அங்கு மட்டுமே விற்ற விளையாட்டுகளைப் பணம் நீட்டினாலும் புதிதாக வாங்க இயலாது. அவற்றைப் பிரதியெடுத்தவரைக் கடிந்துகொள்ள மட்டும் என் மனம் தயங்குகிறது.