ஸ்டேஜ் ப்ளொட், ரைடர் செய்து தருவதாகச் சொல்பவரிடம் கவனம் – கொழும்புக் குழுக்களுக்கு

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மேடை நிகழ்ச்சி செய்கிற குழுக்கள் தயவுசெய்து வாசியுங்கள். "ரைடர், ஸ்டேஜ் ப்ளொட் எல்லாம் நானே செய்து, சவுண்ட்காரரோடயும் கதைச்சு முடிச்சுத் தாறன் அண்ணா" என்று சொல்லி ஒருவர் எங்களிடம் 20,000 ரூபாய் வாங்கினார். (ரைடர் என்றால் குழுவுக்கு மேடையில் என்னென்ன வேண்டும் என்று சவுண்ட்காரருக்குக் கொடுக்கும் தாள். ஸ்டேஜ் ப்ளொட் என்றால் மேடையில் யார் எங்கே என்று காட்டும் படம்.)

எங்களில் பாடுபவர்கள் இருவர். வயலின், மிருதங்கம், கடம், கீபோர்ட், பேஸ் கிட்டார். யார் எங்கே இருப்பார்கள் என்று படம் கீறியே கொடுத்திருந்தோம். நிகழ்ச்சிக்கு முதல்நாள் இரவு வந்த தாளில் மிருதங்கமே இல்லை! நடுமேடையில் டிரம் செட். மிக்ஸரின் எந்தச் சானலில் எந்த வாத்தியம் என்று சொல்லும் இன்புட் லிஸ்டின் முதல் பாதி கிக், ஸ்நேர், ஹைஹாட் என்று டிரம் செட்டின் பாகங்கள்தான். யாரோ ஒரு ரொக் பாண்டின் ரைடரில் எங்கள் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார். அழைத்தால் எடுக்கவில்லை. சவுண்ட்காரரைத் தேடிப் பிடித்தபோது, அவருக்கும் அதே தாள் போய், சாமான் லொறியில் ஏறிவிட்டது.

வந்த டிரம் மைக்குகளில் பெரும்பாலானவை விளிம்பில் கவ்வுபவை. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு (வலது பக்கம்) ஒன்று, தொப்பிக்கு (இடது பக்கம்) ஒன்று என்று குட்டை ஸ்டாண்டில் மைக் வேண்டும். கிக்குக்கென்று வந்த ஒரேயொரு குட்டை ஸ்டாண்டைத் தொப்பிப் பக்கம் வைத்தோம். வலந்தலையின் நாதம் கடைசி வரிசைக்குப் போகவேயில்லை. கீபோர்ட், கிட்டார் சத்தத்தை இரைச்சல் இல்லாமல் மிக்ஸருக்கு அனுப்பும் டிஐ பொக்ஸ் ஒன்றுதான் வந்தது, அது பேஸுக்குப் போனது. கீபோர்டை நீளக் கேபிளில் நேரே மிக்ஸரில் போட, நிகழ்ச்சி முழுக்க இரைச்சல். எனக்கு மனம் பொறுக்காதது மிருதங்கக்காரரின் நிலைதான். அவருக்கு மொனிட்டர் (மேடையில் இருப்பவருக்குச் சத்தம் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) இல்லை. பாடகியின் கையைப் பார்த்துப் பார்த்தே வாசித்து முடித்தார், பாவம்.

காசைக் கேட்டால், "வேலை செய்து தந்தனான்தானே" என்கிறார்.

காசு கொடுக்க முதல் இன்புட் லிஸ்டை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு சானலுக்கும் வாத்தியம் எது, மைக்கா டிஐயா, ஸ்டாண்ட் குட்டையா நெட்டையா, கொன்டென்ஸர் மைக் என்றால் அதற்கு மிக்ஸரிலிருந்து கொடுக்கும் 48 வோல்ட் மின்சாரம் (பாண்டம் பவர்), யாருடைய மொனிட்டரில் யாருடைய சத்தம் என்றெல்லாம் இருக்க வேண்டும். நிலத்தில் இருந்து வாசிப்பவர்களைத் தாளில் தனியாகக் காட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவரிடம் ஏற்கெனவே காசு கட்டிய குழுக்கள் இருந்தால், உங்கள் சவுண்ட்காரருக்கு இன்றைக்கே நேரடியாக அழைத்து, அவர் கையில் என்ன தாள் இருக்கிறதென்று வொட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.