ஓக் பார்க் நடைச் சுற்றுலா: வழிகாட்டிக்கு இரண்டு நட்சத்திரம், ஊருக்கு நான்கரை

மகளைப் பார்க்கச் சிகாகோ வந்து ஆறு வாரமாகிறது. "அம்மா, உனக்குத்தான் பழைய வீடுகள் என்றால் உயிராயிற்றே" என்று அவளே சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் ஊரின் நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டாள். ஆளுக்கு முப்பது டாலர். நடத்துகிறவர்களின் பெயரை எழுதவில்லை. வழிகாட்டியாக வந்த பையன் நல்ல பிள்ளை. அவன் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனமில்லை.

நகரத்தின் நடுவிலிருந்து பச்சைத் தடத்து ரயிலில் சுமார் அரை மணி நேரம். ஜன்னல் வழியே பலகை அடித்து மூடிய வீடுகளும் வெற்று மனைகளும் வந்துகொண்டே இருந்தன. ஆஸ்டின் பூல்வார்டு என்ற சாலையைத் தாண்டியதும் மர நிழலும் புல்தரையும் அகன்ற வாசல்களும் வந்துவிட்டன. இல்லினாய் சட்டப்படி இது 'கிராமம்'. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமத் தலைவர் உண்டு. ஆடு மாடுதான் இல்லை. வீட்டு விலையை மகளிடம் கேட்டேன்; சொன்னாள்; பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒன்றரை மணி நேர நடையில் முக்கால்வாசி ஃபாரஸ்ட் அவென்யூவிலேயே கழிந்தது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1889-ல் தன் முதலாளி சலிவனிடம் கடன் வாங்கி இங்கே வீடு கட்டினார். 1909-ல் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, தன்னிடம் வீடு கட்டிக்கொண்டவரின் மனைவியோடு ஐரோப்பா போனார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இந்த ஊரில் அவர் கட்டிய வீடுகளைப் பார்க்கத்தான் உலகம் வருகிறது. 1902-ல் எழுந்த ஹர்ட்லி வீட்டின் முன்னால் நெடுநேரம் நின்றேன். செங்கல் வரிசைகள் மாறி மாறிச் சற்றே துருத்தி நிற்பதால் வெயில் சாயச் சாயச் சுவரில் கோடு கோடாக நிழல் விழுகிறது. வாசற்கதவு தெருவிலிருந்து கண்ணில் படுவதில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் உட்காரச் சொல்லும் நம் திண்ணை வீட்டுக்கு நேர் எதிர்.

ரைட்டின் சொந்த வீட்டுக்கு உள்ளே போகத் தனிக் கட்டணம். தயங்காமல் கொடுங்கள். பிள்ளைகளின் விளையாட்டு அறையில் இடத்தை அடைக்கக் கூடாதென்று பியானோவின் பின்பாதியைச் சுவருக்குள் தள்ளியிருக்கிறார். அந்தப் பாதி மறுபக்கத்து மாடிப்படிக்கு மேலே இரும்புப் பட்டையில் தொங்குகிறது. அந்தப் படியில் இறங்கிய நம்மவர் எவரும் தலையைக் குனியாமல் இருந்திருக்க மாட்டார்.

இனி என் குறை. எழுத்தாளர் ஹெமிங்வே பிறந்த வீட்டையும் காட்டி முடித்த பிறகு, "பெர்சி ஜூலியன் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். பையன் திருதிருவென்று விழித்தான். பட்டியலில் இல்லை என்றான்.

முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் நான். கண் அழுத்த நோய்க்கு மருந்தான பைசோஸ்டிக்மைனை 1935-ல் ஆய்வகத்தில் முழுமையாகத் தயாரித்துக் காட்டியவர் ஜூலியன். அதே வேலையில் இறங்கியிருந்த ஆக்ஸ்ஃபோர்டு வேதியியலாளர் ராபர்ட் ராபின்சனின் வழி தவறு என்று துணிந்து அச்சிலேற்றினார். ஜூலியன் சொன்னதுதான் சரியாக இருந்தது. பிறகு சோயா எண்ணெயிலிருந்து ஹார்மோன்களைப் பெருமளவில் தயாரிக்க வழி செய்தார். அப்பேர்ப்பட்டவர் 1950-ல் இந்த ஊரில் வீடு வாங்கினார். கறுப்பர் என்பதால், குடியேறும் முன்பே நன்றி நவிலும் நாளன்று வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். அடுத்த ஜூனில் டைனமைட் வீசினார்கள்; வீட்டில் அப்போது பிள்ளைகள் இருந்தார்கள். அப்பாவும் தானும் துப்பாக்கியோடு மரத்தில் ஏறிக் காவல் இருந்ததை மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். குடும்பம் ஊரை விட்டுப் போகவில்லை. அக்கம்பக்கத்தாரில் ஒரு பகுதியினர் அவர்கள் பக்கம் நின்றார்கள்.

ஊரின் மிச்சக் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1960-களில் எல்லைக்கு அந்தப்புறமிருந்த சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில், "கறுப்பர்கள் வருகிறார்கள், விலை விழுவதற்குள் விற்றுவிடுங்கள்" என்று தரகர்கள் வெள்ளையரைக் கிளப்பிவிட, தெருத்தெருவாகக் காலியானது. ஓக் பார்க் 1968-லேயே வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பதற்றம் பரவாமலிருக்க 'விற்பனைக்கு' என்ற பலகையைத் தடை செய்தது. 1972-ல் ராபர்டா ரேமண்ட் தொடங்கிய வீட்டுவசதி மையம், வாடகைக்கு வந்தவர்களை ஒரே பக்கம் குவியவிடாமல் ஊர் முழுக்கக் கலந்து குடியேற வழிகாட்டியது. இனக் கணக்குப் பார்த்துக் குடிவைத்தார்கள் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. சேரியை ஊருக்கு வெளியே வைத்த வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சுளிக்கத் தோன்றவில்லை.

ஜூலியனின் வீட்டுக்கு நானும் மகளும் நாங்களாகவே நடந்தோம். ஈஸ்ட் அவென்யூ, கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இன்று வேறு யாரோ வாழும் வீடு என்பதால் எதிர் நடைபாதையிலேயே நின்றுவிட்டோம். பழைய மரங்கள் நிறைய இருக்கின்றன. முப்பது டாலர் வாங்கியவர்கள் இங்கே ஐந்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

போகிறவர்கள் கோடையில் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். லேக் தெருவில் பில்கிரிம் தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் உழவர் சந்தை கூடுகிறது. தேவாலயத்துக்குள் தொண்டர்கள் டோனட் சுட்டுச் சுடச்சுட விற்கிறார்கள். வெளியே சில முதியவர்கள் வட்டமாக நாற்காலி போட்டு பாஞ்சோவும் பிடிலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். டோனட்டின் மேல்தோல் மொறுமொறு, உள்ளே பஞ்சு, இனிப்பு மிதம். நம் ஊர் உளுந்து வடையைப் போலவே ஆறவிட்டால் வீண். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கறுப்பினப் பாட்டி என் புடவைக் கரையைத் தொட்டுப் பார்த்து, துவைத்தால் சாயம் போகுமா என்று கேட்டார். சுங்குடி, முதல் துவையலில் கொஞ்சம் போகும் என்றேன்.

காரில் போய் இரவு தங்குகிறவர்களுக்கு ஒன்று: இந்த ஊரில் விடியும் வரை தெருவோரம் வண்டியை நிறுத்திவைக்கக் கட்டுப்பாடு உண்டு. ரயிலே மேல்.