கைவைக்காத டிராயிங் மிஸ்: ஓர் ஓவிய வகுப்பு விமர்சனம்

நல்ல டிராயிங் கிளாஸ் எங்கே இருக்கு என்ற கேள்வி வருடா வருடம் ஏப்ரல் வந்தால் அபார்ட்மென்ட் குரூப்பில் கிளம்பிவிடும். என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. தென்சென்னையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிற வகுப்பு, என் பெண் அங்கேதான் போகிறாள், பெரியவர்களுக்கான சனிக்கிழமை பேட்ச்சில் நானும் உட்காருகிறேன். பெயர் போடவில்லை; இருக்கிற பிள்ளைகளுக்கே இடம் பத்தவில்லை, விளம்பரம் வேண்டாம் சார் என்று நடத்துகிறவரே சொல்லிவிட்டார். அப்புறம் எதற்கு இந்த விமர்சனம் என்றால், இப்படி ஒரு வகுப்பை உங்கள் ஊரில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று சொல்லத்தான். அவரை மிஸ் என்றே குறிப்பிடுகிறேன், பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முன்பு இங்கே என்ன நடந்தது என்று சொன்னால்தான் மாற்றம் புரியும். நம் எல்லோருக்கும் தெரிந்த அதே வகுப்புதான். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்குகிற ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை மரம், வானத்தில் 'வி' எழுத்து மாதிரி நாலு பறவை. மிஸ் போர்டில் போடுவார், பிள்ளைகள் பார்த்துப் போடுவார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் மிஸ் ஒவ்வொரு மேசையாக வந்து கோணலாக இருப்பதை அழித்துச் சரிசெய்து, மரத்துக்கு நிழல் வைத்து, ஓரத்தில் 'குட்' போட்டுத் தருவார். வீட்டுக்கு வருகிற படம் அமோகமாக இருக்கும். அதில் பாதி மிஸ் வரைந்தது என்பது எல்லா அப்பா அம்மாவுக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

இதில் மிஸ்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் வந்த வழி அப்படி. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிற தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் (கருவி இல்லாமல் கையால் வெளிக்கோடு போடுவது), மாடல் டிராயிங் (பொருளைப் பார்த்து வரைவது) பாடங்களில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலையும் முடித்து, கோடை விடுமுறையில் நடக்கிற டி.டி.சி. ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஓவிய ஆசிரியர்கள் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். கோடு சுத்தமாக வரும், இரண்டு பக்கமும் பிசகாமல் ஒத்துப்போகும், அதில் குறையே இல்லை. ஆனால் ஒரு பிள்ளை ஏன் இப்படி வரைகிறது, அதனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு அந்த வழியில் பெரிய இடம் கிடையாது. வேலைவாய்ப்பும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாம் சேர்த்து; வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். இந்தச் சம்பளத்துக்குப் பாடத்திட்டம் யோசித்து எழுது என்று யார் யாரிடம் கேட்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மிஸ் நடுவில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சியில் சேர்ந்தார். வார இறுதிகளில், சொந்தக் காசில். அங்கே அவருக்குப் பிள்ளைகளை எப்படி மேய்ப்பது என்று சொல்லித்தரவில்லை, முதலில் அவரையே மாணவியாக உட்காரவைத்து அடிப்படையிலிருந்து வரையச் சொல்லியிருக்கிறார்கள். வரைந்ததைச் சுவரில் மாட்டி, நல்லா இருக்கு, நல்லா இல்லை என்ற இரண்டு வார்த்தையும் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் இன்றைக்குப் பிள்ளை எதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளப்போகிறது என்று ஒரே வரியில் எழுத வேண்டும். அப்புறம் ஒரு கறாரான விதி: ஆசிரியரின் பென்சில் மாணவரின் தாளில் படக் கூடாது. காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் வேறு தாளில் வரைந்து காட்டலாம்.

இந்தக் கடைசி விதிதான் வகுப்பையே புரட்டிப்போட்டது என்பது என் கட்சி. கை வைக்கக் கூடாது என்றதும் வாயால் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்ல வேண்டுமென்றால் எது தப்பு, ஏன் தப்பு என்று ஆசிரியருக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு எவர்சில்வர் டம்ளர் பாடத்தைச் சொல்கிறேன், நானே உட்கார்ந்த வகுப்பு. டம்ளர் வரைய என்ன இருக்கிறது என்று நினைப்போம். கிட்டத்தட்ட எல்லோருமே வாயை நல்ல வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் வரைந்திருந்தோம். அடி தரையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரியும், அதனால் கை கோடு போட்டுவிடுகிறது. பழைய மிஸ்ஸாக இருந்தால் இரண்டு செகண்டில் அழித்து வளைத்துக் கொடுத்திருப்பார். இப்போது டம்ளரை எடுத்துக் கண் மட்டத்துக்கு நேராகப் பிடித்தார். "வாய் இப்ப எப்படித் தெரியுது?" கோடாகத் தெரிந்தது. மெல்லக் கீழே இறக்கினார், கோடு திறந்து நீள்வட்டம் ஆனது, இன்னும் இறக்க இறக்க அகலமாகத் திறந்தது. "அப்போ வாயைவிடக் கீழே இருக்கிற அடி?" பின்வரிசையிலிருந்து ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், வாயைவிட இன்னும் வட்டமா இருக்கணுமா என்றார். ஆமாம், அவ்வளவுதான் பாடம். அதன் பிறகு எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் டவராவையும் டம்ளரையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் திட்டு.

பாடத்திட்டம் என்று ஒரு தாள் கொடுக்கிறார்கள், நாலு கட்டம். முதலில் கோடும் அளவும்: கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து உயரம் அகலம் அளப்பது, நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடத்தை மட்டும் வரைவது. இரண்டாவது வெளிச்சம் இருட்டு. வெள்ளைத் தாள் மேல் ஒரு வெள்ளை முட்டை, பக்கத்தில் ஒரே ஒரு மேசை விளக்கு. பென்சில் பொடியை விரலால் தேய்த்து மழுப்புகிற நம் ஊர் ஷேடிங் இங்கே தடை. தாளில் வரிசையாக ஒன்பது சதுரக் கட்டம் போட்டு வெள்ளையிலிருந்து கருப்பு வரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், பிறகு முட்டையின் எந்த இடம் எத்தனையாவது கட்டம் என்று ஒப்பிட வேண்டும். முட்டையின் அடிப்பக்கம்தான் ரொம்ப இருட்டு என்று எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் தாளில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தால் அடியில் கொஞ்சம் வெளுப்பு இருக்கும். அதைப் பார்க்கிற வரைக்கும் முட்டை தட்டையாகத்தான் இருக்கும். இந்தக் கட்டம் கொஞ்சம் போர் அடிக்கும், மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது வண்ணம், எனக்கு ரொம்பப் பிடித்தது. பன்னிரண்டு கலர் பெட்டி வாங்கிக்கொண்டு போனால் அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை டப்பாவில் போட்டு மூடச் சொல்கிறார். கருப்பே கிடையாது. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கருப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிற ஒரு அடர்சாம்பல் வருகிறது, கொஞ்சம் நீலம் கூட்டினால் மழை மேகம், பழுப்பு கூட்டினால் நனைந்த செங்கல் சுவர். ஓக்கரோடு நீலம் சேர்த்தால் வருகிற மங்கின பச்சைதான் நம் ஊர் வெயிலில் தென்னை ஓலையின் பச்சை. ட்யூபிலிருந்து நேராகப் பிதுக்குகிற பச்சை பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கும் என்பது கலந்து பார்த்த பிறகுதான் கண்ணில் படுகிறது. நாலாவது கட்டத்தில் சொந்தப் படம்: தீப்பெட்டி அளவில் ஏழெட்டுக் குட்டி வரைவுகள் போட்டு, எது நிற்கிறது என்று பேசி முடிவு பண்ணி, பிறகுதான் பெரிய தாள்.

எட்டு வயசுக்குக் கீழே இதெல்லாம் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய தாளும் கிரேயானும் கொடுத்து விட்டுவிடுகிறார்கள், என்ன வரைஞ்சிருக்கே சொல்லு என்று கேட்பதோடு சரி. என் வீட்டில் சிலருக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது, எனக்கு அப்படித் தோன்றவில்லை. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி ஆய்வாளர் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒன்பது வயதையொட்டி ஒரு கட்டம் வருகிறது, அப்போது பிள்ளைக்குத் தான் வரைந்தது நிஜம் மாதிரி இல்லையே என்று முதல்முறையாக உறுத்த ஆரம்பிக்கும். எனக்கு டிராயிங் வராது என்று நிறையப் பேர் பென்சிலைக் கீழே வைப்பது அந்த வயசுக்குப் பக்கத்தில்தான். நாலு வயசுப் பிள்ளையைப் பிடித்து நீள்வட்டம் போடவைப்பது வதை. பத்து வயசில், படம் ஏன் சரியாக வரவில்லை என்று அதுவே கேட்கும்போது, முறையாகச் சொல்லிக்கொடுக்காமல் 'சூப்பர்டா' என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதும் அதே அளவு மோசம்.

முறையான கல்வி என்றாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. முறை நமக்குப் புதிதும் இல்லை. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-ல் மதராஸில் ஆரம்பித்த கலைப் பள்ளிதான் இன்றைக்கு எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தக் காலத்தில் லண்டன் சவுத் கென்சிங்டன் கலைப் பள்ளியில் 23 படிகள் கொண்ட ஒரு பாடத்திட்டம் இருந்தது. இங்கே இருந்த கலைப் பள்ளிகளும் அந்த வழியைத்தான் பின்பற்றின. பார்த்துப் போடு, பிசகாமல் போடு, அடுத்த படிக்குப் போ. கறாரான முறைதான், ஆனால் கைக்கு மட்டும் வேலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-ல் அந்தப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக வந்த பிறகும் (மெரினா உழைப்பாளர் சிலை அவர் கைவேலைதான்), அவருக்கு அடுத்து 1957-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வந்த பிறகும்தான் மாணவர்கள் தங்கள் சொந்தக் கோடுகளைத் தேட ஆரம்பித்தார்கள். அந்தத் தேடலின் தொடர்ச்சியாக 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் உருவானது. ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடிப்படையில் ஊறிய கை அது, ஆனால் பாடப் படத்தைப் பார்த்துப் போட்ட கோடு மாதிரி இருக்காது. மிஸ் வகுப்புச் சுவரில் அதில் ஒன்றின் பிரின்ட் இருக்கிறது, கோடு எங்கே தடிக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்பதற்காக.

இப்போது கசப்பான பகுதி. இந்த முறை வந்ததும் வீட்டுக்கு வருகிற படங்கள் அசிங்கமாகிவிட்டன. கோணல் டம்ளர், ஒன்பது சாம்பல் கட்டம், நாற்காலி இல்லாத நாற்காலிப் படம். ஃபிரிட்ஜில் ஒட்ட ஒன்றும் இல்லை. காசு கொடுத்து அனுப்பினா கட்டம் போடவைக்கிறாங்க என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு கிளம்பி, கணிசமான பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். போட்டிகளில் பரிசும் குறைந்தது, ஏனென்றால் 'மரம் வளர்ப்போம்' போட்டிக்கு ஆசிரியர் முன்கூட்டியே வரைந்து பழக்கிக் கொடுத்த படம்தான் ஜெயிக்கும், மிஸ் இப்போது அதைச் செய்வதில்லை. அவர் இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டது எனக்கு ஆச்சரியம்தான். ஒருவேளை அவரே மறுபடி பெயிண்ட் பண்ண ஆரம்பித்துவிட்டதால் இருக்கலாம். பயிற்சிக்காக வரையத் தொடங்கி, இப்போது மாடிப்படியெல்லாம் அவருடைய வாட்டர்கலர் காய்ந்துகொண்டிருக்கிறது, துணிக்கொடியையும் தண்ணீர் லாரியையும் வரைகிறார். இது எனக்கும் வரலைடா, பார் என்று பிள்ளைகளிடம் தன் படத்தைக் காட்டுகிற ஆசிரியரை நான் படித்த பள்ளிக்கூடத்தில் பார்த்ததில்லை.

குறைகள் உண்டு. ஒரே அறை, ஒரே ஃபேன், மே மாதத்தில் தாளில் வியர்வை சொட்டும். சுற்றி உட்கார்ந்து ஒரு பொருளை வரையும்போது ஓரத்தில் இருக்கிறவருக்குப் பாதி மறைந்துவிடுகிறது. விட்டுப்போன வகுப்புக்கு மாற்று கிடையாது. பாடத்திட்டம் எழுதினவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்களோ, ஆப்பிள், ஒயின் பாட்டில் என்று பொருள் பட்டியல் வருகிறது. சொம்பும் தேங்காய் மூடியும் நாங்கள் கேட்டுக்கேட்டுத்தான் வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வேகமாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கும் அதே அட்டவணைதான். என் பெண்ணோடு ஒரு பையன் படித்தான், முதல் நாளே முட்டையை முட்டையாக வரைந்துவிட்டான், அவனையும் மாதக்கணக்கில் கட்டம் போடவைத்தார்கள், கடைசியில் அவன் நின்றுவிட்டான். அந்த விஷயத்தில் மிஸ் பாடத்திட்டத் தாளை மூடிவைத்துவிட்டுப் பையனைப் பார்த்திருக்க வேண்டும்.

மாதம் 1,800 ரூபாய், வாரம் ஒரு வகுப்பு, பொருள் தனி. வருடத்துக்கு ஒருமுறை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெண்கலச் சிலைகளை வரையக் கூட்டிப்போகிறார்கள், அதற்கு மட்டுமே இந்தக் காசு தகும். (தனியாகப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.) லோயர், ஹையர் தேர்வு எழுத வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்தத் தேர்வு கேட்கிற அவுட்லைன் பழக்கம் தனி, அதற்கு மிஸ் வேறு நேரம் வைத்திருக்கிறார். என் மதிப்பெண் 5-க்கு 4.

உங்கள் ஊரில் தேடுகிறவர்கள், சேர்ப்பதற்கு முன் ஒரு முழு வகுப்பு பின்னால் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். விட்டால் சுவரில் மாட்டியிருக்கிற படங்களை விட்டுவிட்டு ஆசிரியரின் கையை மட்டும் கவனியுங்கள். பொருள் வாங்கும்போது கலரில் மிச்சம் பிடிக்கலாம், கேம்லின் ஸ்டூடன்ட் ட்யூப் தாராளமாகப் போதும். வாட்டர்கலருக்குத் தாள் மட்டும் 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) வாங்குங்கள், சார்ட் பேப்பரில் தண்ணீர் பட்டால் அப்பளமாகச் சுருண்டுவிடும், பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும்.