மறதி நோய் மரபணு உள்ளவருக்கு எது பொருந்தும்: தேங்காய் எண்ணெயா, கீரையும் மத்தியுமா, ஊசி மருந்தா?

அல்சைமர் என்ற மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் மரபணு வகைகளுள் பரவலாகக் காணப்படுவது ஏபிஓஈ4. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து ஒரு நகலாக இருந்தால் ஆபத்து ஏறத்தாழ 3 மடங்காகவும், இருவரிடமிருந்தும் வந்து இரண்டு நகலாகச் சேர்ந்தால் 8 முதல் 12 மடங்காகவும் உயர்கிறது. இக்கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை; இரண்டு நகல் இருந்தும் கடைசிவரை நினைவு தெளிவாக வாழ்ந்தவர்களும் உண்டு. நாற்பது வயதிலேயே நோயைக் கொண்டுவரும் பிஎஸ்இஎன்1 போன்ற அரிய மரபணு மாற்றங்கள் வேறு கணக்கு. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. காவிரிப் படுகையில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கும் குடும்பங்களில், ஒரே பாட்டனிடமிருந்து இறங்கிய நகல் இரு பக்கமாகவும் வந்து ஒரு பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், இரண்டு நகல் என்பது நமக்கு ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அல்ல.

இந்த மரபணு உள்ளோர் முன் இன்று போட்டியிடும் மூன்று வழிகளுள் அதிகம் பேசப்படும் தேங்காய் எண்ணெயும் ஊசி மருந்தும், யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே குறைவாகப் பொருந்துகின்றன என்பது என் கணிப்பு.

முதலாவது, மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவும், அதன் எளிய வடிவமாகச் சொல்லப்படும் தேங்காய் எண்ணெயும். மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் திறன் குறையும்போது, கொழுப்பிலிருந்து உடல் உண்டாக்கும் கீட்டோன் மாற்று எரிபொருளாகும் என்பது சரிதான். ஆனால் தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் கீட்டோனை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. கீட்டோனைக் கூட்டுவதற்கென்றே அமெரிக்காவில் 'ஆக்சோனா' என்ற பெயரில் விற்கப்பட்ட கொழுப்புத் தூளின் தொடக்க ஆய்விலும் பலன் தென்பட்டது ஏபிஓஈ4 இல்லாத நோயாளிகளிடம்தான். மேலும், இந்த மரபணு உள்ளவர்களுக்கு எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைகொழுப்பாக உள்ள எண்ணெய் அதை இன்னும் உயர்த்தும். பேராவூரணிப் பக்கம் சொந்தத் தோப்பில் காய்த்த தேங்காயை ஆட்டிய எண்ணெய் என்பதற்காக இரத்தக் குழாய் சலுகை காட்டப்போவதில்லை. டாபாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர் கீட்டோ உணவில் இறங்கினால் இரத்தம் அமிலமாகும் அபாயமும் உண்டு என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

இரண்டாவது, சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் குழுவினர் 2015-இல் முன்வைத்த மைண்ட் உணவுமுறை: கீரை, பருப்பு, கொட்டை வகைகள், மீன் ஆகியவற்றைக் கூட்டி, வெண்ணெய், இறைச்சி, பொரித்தவை, இனிப்பு ஆகியவற்றைக் குறைப்பது. குடும்பத்தில் மறதி நோய் உள்ள 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இவ்வுணவை உண்டவர்களுக்கும், வழக்கமான உணவையே சற்றுக் குறைத்து உண்டவர்களுக்கும் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உணவு ஒன்றே காப்பாற்றும் என்று சொல்பவர்கள் இந்த முடிவைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இருந்தும் நான் இதைத் தேங்காய் எண்ணெய்க்கு மேலே வைப்பதற்குக் காரணம், மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கெட்ட கொழுப்பையும் இது ஒருசேரக் குறைப்பதுதான். தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மூன்று முறை விழுகிறது. கீரை ஓரத்தில் ஒரு கரண்டியாக ஒதுங்கிவிடுகிறது. நாற்று நட்டு, அறுத்து, கட்டுச் சுமந்த உடம்புக்கு அளந்த சோறு அது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தபின்னும் அளவு பல வீடுகளில் மாறவில்லை. ரசச் சோற்றைப் பாதியாக்கி, முருங்கைக்கீரையோ பொன்னாங்கண்ணியோ ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிடுவதற்கு ஆலிவ் எண்ணெயும் தேவையில்லை, ப்ளூபெர்ரியும் தேவையில்லை. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அளவோடு போதும். நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. விலையும் வஞ்சிரத்தைவிடக் குறைவு. குழம்பாக வைத்தால் நல்லது. எண்ணெயில் முறுகப் பொரித்துவிட்டால் மைண்ட் பட்டியலில் குறைக்கச் சொன்ன பக்கத்துக்குப் போய்விடும்.

வல்லாரை மாத்திரை, ஜிங்கோ மர இலைச் சாறு போன்றவற்றில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. 3,000-க்கு மேற்பட்ட முதியோரிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில் ஜிங்கோ மறதி நோயைத் தடுக்கவில்லை. வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுவதில் தவறில்லை.

மூன்றாவது, மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் ஊசி மருந்துகள். லெக்கனிமாப் 2023-இலும் டோனானிமாப் 2024-இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. 1,795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த ஆய்வில் லெக்கனிமாப் நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. 18 புள்ளி கொண்ட அளவுகோலில் அந்த வேறுபாடு 0.45 புள்ளி, வீட்டார் கண்ணுக்கு அது தெரியுமா என்று மருத்துவர்களே வாதிடுகிறார்கள். முக்கியமான செய்தி பக்கவிளைவில் இருக்கிறது. மூளையில் வீக்கம் ஏபிஓஈ4 இல்லாதவர்களில் 5.4 சதவீதம் பேருக்கும், ஒரு நகல் உள்ளவர்களில் 10.9 சதவீதம் பேருக்கும், இரண்டு நகல் உள்ளவர்களில் 32.6 சதவீதம் பேருக்கும் ஏற்பட்டது. பெரும்பாலோருக்கு அறிகுறியின்றி அடங்கிவிட்டாலும், சிலருக்கு அது உயிராபத்தாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் ஒப்புதல் அளித்தபோது இரண்டு நகல் உள்ளவர்களை விலக்கியே அளித்தது. இம்மருந்து தொடக்கநிலை நோயாளிகளுக்கானது. ஆபத்து மட்டும் உள்ள நலமானவர்களுக்குக் கொடுப்பது ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறை இரத்தக் குழாய் வழியாக ஏற்றி, முதல் மாதங்களில் பலமுறை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டிய சிகிச்சை இது. வேதாரண்யத்தில் இருப்பவர், மருந்து விலைக்கு முன்னே, திரும்பத் திரும்பப் பெருநகருக்குப் போய்வரும் செலவையும் துணைக்கு ஆளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இம்மூன்றையும்விடக் குறைவாகப் பேசப்படும் வழியே என் தேர்வில் முதலிடம் பெறுகிறது. பின்லாந்தில் மியா கிவிப்பெல்டோ தலைமையில் 1,260 முதியோரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஃபிங்கர் ஆய்வில், உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, இரத்தக் குழாய் நலக் கண்காணிப்பு ஆகிய நான்கும் சேர்ந்தபோது பலன் கிடைத்தது. ஏபிஓஈ4 உள்ளவர்களுக்கும் கிடைத்தது. மருந்தென்று பார்த்தால் இதற்கு வேண்டியவை இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரை, தேவைப்பட்டால் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மட்டுமே. முதலிரண்டும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாங்கி டப்பாவில் வைத்துவிட்டு, தலை சுற்றும் நாளில் மட்டும் விழுங்கும் பழக்கத்தை விட்டாலே, தேங்காய் எண்ணெயால் கிடைக்காத பலன் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. செவி மந்தமானவருக்குக் காதுக் கருவியையும் இதோடு சேர்க்க வேண்டும். கேட்கும் திறன் குறைவது மறதி நோயின் ஆபத்துகளுள் ஒன்று.

மரபணுப் பரிசோதனை எடுக்க வேண்டுமா என்பதும் இந்தத் தேர்வைப் பொறுத்ததே. கீரைக்கும் நடைக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் அது தேவையில்லை. ஊசி மருந்தைப் பரிசீலிப்பவர் அதை எடுக்காமல் இறங்கக் கூடாது. ஆனால் ஒருவருக்கு இரண்டு நகல் என்று முடிவு வந்தால், அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நகலாவது உறுதி என்பதும் அதே தாளில் தெரிந்துவிடுகிறது. ஆகவே இரத்தம் கொடுக்குமுன் அவர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள விருப்பம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.