எம்டிஎக்ஸ், எம்டி ஜோடி: டேப் லைப்ரரி ஸ்கிரிப்டுக்கு இன்னும் தாங்குமா?

தாங்கும். டேப் லைப்ரரி என்பது பேக்கப் கார்ட்ரிட்ஜுகளை ஸ்லாட்டுகளில் அடுக்கி, ரோபோ கையால் எடுத்து டிரைவில் ஏற்றும் பெட்டி. ஒரே எல்டிஓ (டேப் வகை) டிரைவும் இருபது, முப்பது ஸ்லாட்டும் உள்ள சின்ன லைப்ரரியை லினக்ஸில் ஓட்ட எம்டிஎக்ஸ், எம்டி என்ற இந்த இரு கட்டளை நிரல்களைவிட எளிய கருவி கிடையாது. எம்டிஎக்ஸ் 1.3.12 பதிப்பு வந்தது 2008-ல். பல டிஸ்ட்ரோக்களில் இன்றும் கிடைப்பது அதுதான். பழசாயிற்றே என்று தயங்க வேண்டாம். சேஞ்சருக்கு, அதாவது டேப் மாற்றும் ரோபோவுக்கு, போகும் எஸ்சிஎஸ்ஐ (சாதனங்களோடு பேசும் நெறிமுறை) கட்டளைகள் அன்று போலவே இன்றும் இருப்பதால் புது எல்டிஓ லைப்ரரிகளிலும் வேலை செய்கிறது. இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதுபவர் தானாக நடக்கும் என்று நினைக்கும் பாதி வேலையை இது செய்வதே இல்லை.

ரோபோ கை ஒரு சாதனம், டிரைவ் இன்னொரு சாதனம். எம்டிஎக்ஸ் பேசுவது கையிடம் (லினக்ஸில் எஸ்ஜி என்ற சாதனப் பெயர்), எம்டி பேசுவது டிரைவிடம் (என்எஸ்டி0 என்ற சாதனப் பெயர்). "லோட் 3 0" என்று கொடுத்தால் மூன்றாம் ஸ்லாட்டில் உள்ள கார்ட்ரிட்ஜை எடுத்துப் பூஜ்யமாம் டிரைவில் வைத்துவிட்டு எம்டிஎக்ஸ் வெற்றி என்று திரும்பிவிடும். டிரைவ் அப்போதுதான் டேப்பை உள்ளே இழுத்து, நூல் கோத்து, தலைப்பகுதியைப் படிக்கத் தொடங்கியிருக்கும். அதற்கு அரை நிமிடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அடுத்த வரியிலேயே டாரை (கோப்புகளைத் தொகுத்து டேப்பில் எழுதும் நிரல்) ஓடவிட்டால் "இன்புட்/அவுட்புட் எரர்", "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி", "நோ மீடியம் ஃபவுண்ட்" ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வரும். உடனே டேப் கெட்டுவிட்டது, டிரைவ் போய்விட்டது என்று பழி போடுவார்கள். நடுவில் "ஸ்லீப் 60" போடுவது பலரும் செய்கிற வைத்தியம். பழைய டேப் ஒன்று மெதுவாக ஏறும் நாளில் அது கைவிட்டுவிடும். எம்டி ஸ்டேட்டஸை நொடிக்கு ஒருமுறை கேட்டு, வெளியீட்டில் "ஆன்லைன்" என்ற சொல் வரும்வரை காத்திருந்து, 300 நொடியில் வராவிட்டால் பிழையோடு நிறுத்துவதுதான் சரி. டிரைவ் காலி என்றால் அதே வரியில் "டிஆர்_ஓப்பன்" என்று இருக்கும்.

இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. எம்டி என்ற பெயரில் இரண்டு நிரல்கள் இருக்கின்றன. ஒன்று எம்டி-எஸ்டி தொகுப்பில் வருவது. மற்றொன்று க்னூ சிபிஐஓ தொகுப்போடு வருவது. "ஆன்லைன்" என்று எழுதிக் காட்டுவது முதலாவது மட்டுமே. இரண்டாவதில் அந்தச் சொல் வராது, "டிரைவ் ஸ்டேட்டஸ்" போன்ற எண் வரிகளே வரும். டெபியன் வகை சர்வரில் எம்டி-எஸ்டியைத் தனியாக நிறுவாமல் விட்டால், டேப் ஏறித் தயாராக இருந்தும் ஸ்கிரிப்ட் 300 நொடியும் காத்திருந்துவிட்டுத் தோற்கும். முதலில் எம்டி-எஸ்டியை நிறுவுங்கள்.

எம்டிஎக்ஸ் ஸ்டேட்டஸ் வெளியீட்டைப் படிப்பதில்தான் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் சறுக்குகின்றன. மனிதர் படிக்கத்தான் அதை அமைத்திருக்கிறார்கள், நிரல் படிக்க அல்ல. ஸ்லாட் வரியில் டேப்பின் பார்கோடு "வால்யூம்டேக்=" என்று இடைவெளி இல்லாமல் வரும். டிரைவ் வரியில் "வால்யூம்டேக் = " என்று சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விட்டிருக்கும். வரி தேடும் கிரெப் கட்டளை ஒன்றே இரண்டையும் பிடிக்காது, வரியைப் புலங்களாகப் பிரிக்கும் ஆக் நிரலில் புல எண்ணும் மாறிவிடும். ஸ்லாட்டுகள் 1-லிருந்தும் டிரைவுகள் 0-விலிருந்தும் எண்ணப்படுகின்றன. மெயில் ஸ்லாட்டும் (டேப்பை வெளியே எடுக்கவும் உள்ளே வைக்கவும் உள்ள வாய்) ஒரு ஸ்டோரேஜ் எலிமென்ட்டாகவே பட்டியலில் வரும், எண்ணுக்குப் பின் "இம்போர்ட்/எக்ஸ்போர்ட்" என்ற அடையாளத்தோடு. "எம்ப்டி" என்று முதலில் கிடைக்கும் இடத்தில் டேப்பைத் திருப்பி வைக்கும் ஸ்கிரிப்ட், என்றாவது ஒருநாள் அதை மெயில் ஸ்லாட்டில் கொண்டுபோய் வைக்கும். "ஃபுல்" என்று முதலில் வருவதை எடுக்கும் ஸ்கிரிப்ட் துப்புரவுக் கார்ட்ரிட்ஜை டிரைவில் ஏற்றும். அந்தக் கார்ட்ரிட்ஜின் பார்கோடு பொதுவாக "சிஎல்என்" என்று தொடங்குவதால் அதை விலக்க ஒரு வரி போதும். பார்கோட்டின் கடைசி இரண்டு எழுத்தையும் பாருங்கள். "எல்6" என்றால் எல்டிஓ-6. எல்டிஓ-8 டிரைவ் அதைப் படிக்கக்கூடச் செய்யாது.

லைப்ரரியை அணைத்துப் போட்ட பிறகு டிரைவில் டேப் இருந்தால், எந்த ஸ்லாட்டிலிருந்து வந்தது என்ற நினைவு லைப்ரரிக்குப் போயிருக்கலாம். அப்போது ஸ்டேட்டஸில் எண்ணுக்குப் பதில் "அன்நோன் ஸ்டோரேஜ் எலிமென்ட்" என்று வரும். எண்ணைப் பிடித்தெடுக்கும் வரி வெற்று மாறியைத் தரும், அன்லோட் கட்டளை அரைகுறையாகப் போகும். மாறி காலியாக இருந்தால் நிறுத்து என்று ஒரு சோதனை வையுங்கள். கதவைத் திறந்து டேப் மாற்றியிருந்தால் முதலில் எம்டிஎக்ஸின் "இன்வென்டரி" (ஸ்லாட்டுகளை மறுபடி பார்க்கச் சொல்லும் கட்டளை), பிறகுதான் ஸ்டேட்டஸ்.

பிழைச் செய்திகளில் எம்டிஎக்ஸ் கஞ்சன். தோல்வியின் காரணத்தை வெளியேறும் எண்ணிலிருந்து பிரித்தறிய முடியாது. எரர் வெளியீட்டில் வரும் சென்ஸ் கோடுகளை (சாதனம் தரும் காரண எண்கள்) லாக் கோப்பில் சேமித்தே ஆகவேண்டும். 3பி 0டி என்றால் போகும் இடத்தில் ஏற்கெனவே டேப் இருக்கிறது. 3பி 0இ என்றால் எடுக்கப் போன இடம் காலி. இவை இரண்டும் பெரும்பாலும் ஸ்கிரிப்ட் கணக்குத் தவறியதால் வருபவை. 53 02 என்றால் டிரைவ் டேப்பைப் பூட்டி வைத்திருக்கிறது. என்எஸ்டி0-வை இன்னும் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று ஃப்யூசர் கட்டளையில் பாருங்கள். 28 00 வெறும் அறிவிப்பு, டேப் மாறியிருக்கலாம் என்கிறது. மறுபடி ஒருமுறை முயன்றால் போதும். அன்லோடுக்கு முன் எம்டி ஆஃப்லைன் கொடுப்பதை வழக்கமாக்குங்கள். சில லைப்ரரிகள் தாமே டேப்பை வெளியே தள்ளும், சில தள்ளாது.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் மட்டும் ஓடவில்லை என்றால் பாத் மாறியை (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) பாருங்கள். எம்டிஎக்ஸ் இருப்பது எஸ்பின் அடைவில். டெபியன் கிரானின் இயல்பான பாத் அதைத் தொடாது, 127 (கட்டளை கிடைக்கவில்லை) என்ற எண்ணோடு முடியும். நேற்றுவரை ஓடியது ரீபூட்டுக்குப் பின் நின்றுவிட்டது என்றால் எஸ்ஜி எண் மாறியிருக்கும். எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ கட்டளையை ஜி விருப்பத்தோடு ஓட்டினால் "மீடியம்எக்ஸ்" என்று வரும் வரிதான் சேஞ்சர். ஸ்கிரிப்டில் அந்த எண்ணை எழுதாமல், டெவ் அடைவில் டேப்/பை-ஐடி கீழே உள்ள நிலையான பெயரை எழுதுங்கள்.

எழுதும் பக்கத்தில் மன்னிப்பே இல்லாத தவறு ஒன்றுதான்: என்எஸ்டி0 என்று போட வேண்டிய இடத்தில் எஸ்டி0. எஸ்டி0 சாதனத்தை மூடியதும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும், அடுத்த டார் முதல் பேக்கப்பின் மேலேயே எழுதும். பிழை என்று ஒரு சொல்லும் வராது. கூடுதலாக எழுதும் முன் எம்டி ஈஓடி (தரவின் முடிவுக்குப் போ), படிக்கும்போது ஏஎஸ்எஃப் (இத்தனையாவது கோப்புக்குப் போ) என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். ஏஎஸ்எஃப் தொடக்கத்திலிருந்து எண்ணுவதால் ஒரு கோப்பு முன்பின் ஆகாது. டாருக்கு பி 512 கொடுத்து எழுதினால் பிளாக் 256 கிலோபைட். அதைச் சின்ன பிளாக் அளவில் படிக்கப் போனால் "கெனாட் அலொகேட் மெமரி" என்று வரும். ரேம் வாங்க ஓடாதீர்கள், பிளாக் அளவைச் சரிசெய்யுங்கள். "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் கார்ட்ரிட்ஜின் எழுதுதடைத் தாழ் மூடியிருக்கிறது.

டாரை எம்பஃபர் என்ற இடைத்தேக்க நிரலுக்குள் பைப் செய்தால் பைப்ஃபெயில் என்ற ஷெல் அமைப்பு இல்லாமல் டாரின் தோல்வி வெளியே தெரியவே தெரியாது. டார் 1 என்று முடிந்தால் படிக்கும்போது ஏதோ கோப்பு மாறியிருக்கிறது, எச்சரிக்கை போதும். 2 என்றால் பேக்கப் இல்லை என்றே கொள்ளுங்கள்.

இத்தனையும் தாமே எழுத வேண்டுமா என்றால், வேண்டாம். பாக்குலா என்ற பேக்கப் மென்பொருளோடு வரும் எம்டிஎக்ஸ்-சேஞ்சர் என்ற ஷெல் ஸ்கிரிப்ட் காத்திருத்தல், ஆஃப்லைன், ஸ்டேட்டஸ் படித்தல் எல்லாவற்றையும் ஏற்கெனவே செய்கிறது, 300 நொடி வரம்பு உட்பட. பாக்குலா இல்லாமலும் அழைக்கலாம்: சேஞ்சர் சாதனம், கட்டளை, ஸ்லாட், டேப் சாதனம், டிரைவ் எண் என்ற வரிசையில் ஐந்து தகவல். கட்டளைகளாக லோட், அன்லோட், லோடட், லிஸ்ட், ஸ்லாட்ஸ் இருக்கின்றன. "ஆன்லைன்" என்ற சொல்லையும் ஆஃப்லைன் பழக்கத்தையும் கூடவே உள்ள கான்ஃப் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம். அதை அழைக்கும் உங்கள் ஸ்கிரிப்டின் தலையில் ஒரு எஃப்லாக் (ஒரே நேரத்தில் இரண்டாம் முறை ஓடாமல் தடுக்கும் பூட்டு) மட்டும் போடுங்கள். முந்தைய இரவின் பேக்கப் முடியாமல் நீளும்போது அடுத்த கிரான் வந்து டேப்பைப் பிடுங்காது.