தெமெங்கோர் ஏரியில் கைடோடு ஃபிளை ஃபிஷிங்: பல வருட அனுபவம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஃபிளை ராட் (இறகு கட்டிய கொக்கியை வீசும் தூண்டில்) வைத்திருப்பவர்கள் குறைவு. அதனால் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, கோயில் திருவிழாவுக்குப் போனாலும் சரி, என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கைடுக்கு அவ்வளவு வெள்ளி கொடுத்துப் போறது தகுமா?" பல வருடமாகப் பேராக்கின் தெமெங்கோர் ஏரிக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தகும். ஆனால் அந்தக் காசு படகுக்கோ மீனுக்கோ இல்லை, கைடின் கண்ணுக்கு.

இந்தத் தூண்டில் முறை குளிர்நாடுகளில் டிரவுட் மீனுக்காக வளர்ந்தது. அது நம் ஏரிச் சூட்டில் பிழைக்காது. நமக்குச் செபாராவ், தோமான், மேலே காட்டு ஆறுகளில் கெலா. மீன்தான் வேறு, வீசும் முறை ஒன்றே. இறகும் மயிரும் கட்டிய கொக்கிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை; எடையெல்லாம் கயிற்றில். கயிற்றுக்கும் ராடுக்கும் எடையைக் குறிக்க எண் உண்டு; 8-ம் எண் கயிற்றின் முதல் 30 அடி ஏறக்குறைய 13.6 கிராம். நாம் வீசுவது அதைத்தான், கொக்கி அதன் பின்னால் போகிறது.

ஆகவே ராடைவிடக் கயிற்றைப் பார்த்து வாங்குங்கள். டிரவுட்டுக்கென்று செய்த கயிறு நம் வெயிலில் துவண்டு, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு வெளியே ஓடாது. வெப்பநாட்டுக்கென்று விறைப்பாகச் செய்த கயிறு தனியாக விற்கிறது. ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவைக்கிறேன், நன்றாக உழைக்கிறது. என் ஒன்பது அடி, 8-ம் எண் ராட் விலை குறைந்ததுதான். கைப்பிடித் தக்கை கறுத்துப்போனது தவிர ஒரு குறையும் இல்லை.

இனி அந்தக் கண். அணை கட்டியபோது மூழ்கிய காட்டு மரங்கள் இன்னும் மொட்டையாக ஏரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நான் வழக்கமாகப் போகும் கைடு ஓர் அஸ்லிக்காரர், இந்தக் காட்டின் பூர்வகுடி. அந்த மரங்களுக்கு நடுவே என்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பை மட்டும் போடுவார். தோமான் விரால் இனம், மேலே வந்து காற்றைக் குடித்துத்தான் ஆக வேண்டும். வந்து போன இடத்தில் ஒரு வளையம் விரியும். எனக்கு அது வெறும் வளையம். அவர் அதன் எந்த ஓரம் புடைத்திருக்கிறது என்று பார்த்து, மீன் திரும்பிய திசையைச் சொல்லிவிடுவார். வளையத்தில் போடாமல் அந்தத் திசையில் இரண்டு மீட்டர் தள்ளிப் போட வேண்டும். இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

செபாராவுக்கு ஓடை வந்து கலக்கும் வாய்தான் இடம். அமெரிக்காவில் பாப் கிளவுசர் என்பவர் பாஸ் மீனுக்காகக் கட்டிய கிளவுசர் மின்னோ என்ற கொக்கி இங்கேயும் அருமையாக வேலை செய்கிறது. டிரவுட் வீடியோ பார்த்துப் பழகியவர்கள் மீன் கடித்ததும் ராடைத் தூக்குவார்கள். இங்கே அது கூடாது. ராட் நுனி தண்ணீரைப் பார்த்தபடி இருக்க, கையால் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தோமான் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். கிட்டே எது வந்தாலும் பாயும். அந்தச் சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் போடச் சொன்ன கைடு ஒருவரோடு ஒரு தடவை போனேன், அதன்பிறகு போகவில்லை. தாயும் தகப்பனும் போய்விட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் சாப்பிட்டுவிடும். அப்புறம் நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கும்? முள் இல்லாத கொக்கி போட்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கழற்றிவிடுகிற கைடாகப் பார்த்துப் பேசுங்கள்.

வருடக் கடைசி மழையில் தண்ணீர் கலங்கிவிடும், அப்போது காசைக் கொடுக்காதீர்கள். ராயல் பெலும் வனப்பூங்கா பக்கம் போவதென்றால் அனுமதிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். செலவைப் பங்கு போடலாம் என்று மூன்று பேர், நான்கு பேர் ஏறவும் வேண்டாம். கயிறு முன்னால் போகிற அளவுக்குப் பின்னாலும் போகும். ஒரு படகுக்கு இரண்டு பேர், அதிலும் ஒருவர் வீசும்போது மற்றவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.