1 மைக்ரான் டயமண்ட் பேஸ்ட்: தாராளமாக வாங்கலாம்

உலோகவியல் ஆராய்ச்சிக்கு வந்தால் பாதி நாள் பாலிஷிங் சக்கரத்தின் முன்னால்தான் போகும். அதனால் நல்ல டயமண்ட் பேஸ்ட் (நுண்ணிய வைரத் துகள் கலந்த பாலிஷ் பசை) கிடைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எஃகுத் துண்டை 220-ஆம் எண் எமரி தாளில் தொடங்கி 1200 வரை (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), தாள் மாற்றும்போதெல்லாம் 90 டிகிரி திருப்பித் தேய்த்தேன். அப்புறம் துணியில் இந்தப் பேஸ்ட்டைத் துளி தடவிப் பிடித்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, கீறலே இல்லை. 2 சதவீத நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) சில விநாடி முக்கி, ஆல்கஹாலில் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் 1000 மடங்கில் பார்த்தேன். ஃபெரைட் (எஃகில் கிட்டத்தட்டத் தூய இரும்பாக இருக்கும் பகுதி) வெளுப்பாக, பெர்லைட்டின் (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக உள்ள பகுதி) வரிகள் தனித்தனியாகத் தெரிந்தன! முன்பு வேறு கடையில் வாங்கியதில் பெரிய துகள் கலந்திருந்து மாதிரியெல்லாம் வீணானது. இதில் அந்தத் தொல்லை இல்லை. மூடிதான் தளர்வு. தூசி விழுந்தால் கீறல் நிச்சயம். ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.